சிவப்புப் பொட்டு வைத்த டப்பாக்கள்

இதை எழுத நான்கு ஆடி மாதம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு வருசமும் கையில் காப்புக் கட்டும்போது, "தாயே, இந்தத் தடவ எழுதிப்புடறேன்" என்று மனசுக்குள் சொல்வேன். திருவிழா முடியும், காப்பை அவிழ்ப்பார்கள், நானும் வாயை மூடிக்கொள்வேன். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்துக் கோணல் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. ஊர் சிரிக்கும். சிரித்து முடித்ததும், "மாமியாக்காரின்னா அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் என்னைக் கட்டி வைத்துவிடும்.

இப்போது எங்கள் மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்குச் சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரும்படி தர்மகர்த்தா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். சந்நிதியில் வைத்துப் பிரிக்கப்போகிற புத்தகத்தில் பொய் எழுத முடியுமா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு எல்லாரையும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இருக்கிறது. மகனுக்கு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார், அதாவது தோப்பு நிழலில் படுத்துக்கொண்டு பார்க்கிறார். மருமகள் பெரம்பலூர்ப் பெண். அங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பெரம்பலூர் போய், சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "புழு, அத்தை" என்பாள். நான் பட்டுப்புழு என்று நினைத்து எல்லாரிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தேன்.

அவள் வந்து ஒரு வருசம் ஆகப்போகிற நேரம். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மடியில் ஒரு பெரிய டப்பாவை அணைத்துப் பிடித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினாள். துப்பட்டாவால் மூடியிருந்தாள். ஏதோ பலகாரம் என்று நான் கை நீட்டினேன்.

"அத்தை, ஆட்டாதீங்க. உசுரு இருக்கு உள்ள."

திறந்து காட்டினாள். தண்ணீர். அதற்குள் பழுப்பு நிறத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு முப்பது நாற்பது ஜந்துக்கள், தரையில் எண்ணெய் ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. தட்டையாக இருந்தன. தலையில் இரண்டு புள்ளி. அதுதான் கண்ணாம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் மாறுகண்ணோடு நம்மையே பார்க்கிறது. பச்சைமலை ஓடையில் கல்லுக்கு அடியில் பிடித்த தட்டைப்புழுவாம்.

"காலேஜ்ல லேபுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க அத்தை. அந்த வாடையில இதுங்க செத்துரும். புரபசர் மேடம் ஒரு மாசத்துக்கு வூட்டுலயே வச்சுக்கன்னுட்டாங்க."

"ஒரு மாசமா? எங்க வைக்கிறது?"

"இருட்டா, குளுந்த இடமா இருக்கணும்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதில் அம்மன் குடியிருக்கிறாள்.

"சாமி ரூம்ல புழுவா!" என்று நான் போட்ட சத்தத்தில், தோப்பிலிருந்து வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன திங்கும் இது?" என்று கேட்டேன்.

மருமகள் தயங்கினாள். "கோழி ஈரல்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் அவசரமாக, "இல்லத்தை, இங்க ஒண்ணும் குடுக்க மாட்டேன். நேத்தே சாப்புட்டு முடிச்சிருச்சுங்க. வெட்டுறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேருந்து பட்டினிதான் போடணும்" என்றாள்.

"பட்டினின்னா? வெரதமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"தண்ணி மட்டும்தானா?"

"தண்ணி மட்டும்தான்."

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். "இந்தா, ஆடி வெரதம்னு நீ மத்தியானத்துல ரெண்டு வாழப்பழம் முழுங்குற. அதுங்க அதுகூட இல்லாம இருக்குதுங்க. சாமி ரூம்ல இருக்க ஒன்னவிட அதுங்களுக்குத்தான் ரைட்டு."

இப்படியாகத் தட்டைப்புழுக்கள் அம்மன் படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்கு இந்தப் பக்கம் குடியேறின.

அவள் எதற்கு இவற்றை வைத்திருக்கிறாள் என்பதை அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். இந்தப் புழுவைக் குறுக்கே வெட்டினால் சாகாது. தலைப்பக்கம் வாலை வளர்த்துக்கொள்ளும், வால்பக்கம் தலையை வளர்த்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் புதுத் தலை, புதுக் கண்.

"எப்புடி?"

"அதோட உடம்பு முழுக்கக் குருத்தணு இருக்கு. வெட்டுன எடத்துக்கு அந்த அணுவெல்லாம் ஓடியாந்து ஒண்ணு சேந்து, எது வேணுமோ அதுவா மாறிக்கும். கண்ணு வேணுமா கண்ணு, மூளை வேணுமா மூளை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொல்லையில் தார் இறக்கிய வாழையை மட்டமாக வெட்டிப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வெட்டின இடத்தின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்குக் குருத்து எழும்பியிருக்கும். "வாழ மாரின்னு சொல்லு" என்றேன். "அதேதான் அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு அன்று கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

"தண்ணியில ஏதாச்சும் கோளாறு இருந்தா, அந்தக் குருத்தணு சரியா வேலை செய்யாது. தலை வர லேட்டாவும். இல்ல, கோணலா வரும். இல்ல, வராமயே போயிரும். நமக்குக் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இதுக்குத் தெரியும். அதான் ஊர் ஊரா தண்ணி புடிச்சிட்டுப் போய் இதுல போட்டுப் பாக்குறேன்."

இந்தப் பேச்சு எப்படியோ தர்மகர்த்தா காதுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, எங்கள் வீட்டுக்காரர்தான் டீக்கடையில் சொல்லியிருப்பார். தர்மகர்த்தா நேரே வீட்டுக்கு வந்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆடிக் கடைசி வெள்ளியன்று கோயில் குளத்தில் தண்ணீர் மொண்டு அம்மனுக்கு ஊற்றுவோம். அதே குளத்துத் தண்ணீரில்தான் கூழ் காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றுவோம். முதல் குடம் எடுப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் பாத்தியதை. என் மாமியார் எடுத்தார், பிறகு நான் எடுத்தேன். அந்த வருசம் மருமகள் கையில் குடத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. நான் அதை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

தர்மகர்த்தா உட்கார்ந்ததும் விசயத்துக்கு வந்துவிட்டார். "போன வருசம் கூழு குடிச்சிட்டு நாலு புள்ளைங்களுக்கு வயிறு சரியில்லன்னு பேச்சு வந்துச்சு. கொளத்தால இல்லன்னு நான் சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்கல. ஏம்மா, ஒன் புழுவ வச்சு நம்ம கொளத்தப் பாத்துச் சொல்லேன். சரியில்லன்னா பைப்புத் தண்ணியில காச்சுவோம், பைப்புத் தண்ணியிலயே அபிசேகமும் பண்ணிப்புடுவோம். நீ சொல்றதுதான்."

மருமகள் யோசித்தாள். "வயித்துக்கு ஆவுற கிருமி இருக்கா இல்லையான்னு இது சொல்லாதுங்க. அதுக்கு வேற டெஸ்ட்டு இருக்கு. தண்ணி உயிருக்கு ஒத்து வருதா இல்லையான்னு மட்டும் சொல்லும்."

"அது போதும்மா" என்றார் அவர்.

எனக்குத்தான் போதவில்லை. குளம் சரியில்லை என்றால் முதல் குடம் ஏது? பைப்பில் பிடிப்பதற்கு எதற்குப் பாத்தியதை? சாமி ரூமுக்குள் போய் அம்மனைப் பார்த்தேன். "ஒன் கொளத்துக்கே பரிச்ச வச்சிருக்காங்க, தெரியுமில்ல?" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டு நடந்தது. தட்டில் ஐஸ் பரப்பி, அதன்மேல் புழுவை விட்டு, புதுச் சவர பிளேடால் ஒரே இழுப்பு. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஏன் அத்தை காத மூடுறீங்க?"

"கத்துமே."

"அதுக்குத் தலையில வாய் இல்ல. வயித்துலதான் வாய்."

"வயித்துல வாயா? ஒன் மாமனாரு மாரி" என்றேன். கூடத்திலிருந்து இருமல் சத்தம் வந்தது.

பாயசம் பார்சல் கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன வட்ட டப்பாக்கள் பன்னிரண்டு. நான்கில் கல்லூரியிலிருந்து கேனில் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர், நான்கில் எங்கள் வீட்டு போர் தண்ணீர், நான்கில் கோயில் குளத்துத் தண்ணீர். ஒட்டுவதற்குச் சீட்டு தீர்ந்துபோனதால், மருமகள் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். போர் தண்ணீருக்குக் கறுப்புப் பொட்டு, குளத்துக்குச் சிவப்புப் பொட்டு, கேனுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வால்துண்டைப் போட்டு மூடி வைத்தாள்.

வெறும் நெற்றியோடு நான்கு, கறுப்புப் பொட்டோடு நான்கு, சிவப்புப் பொட்டோடு நான்கு. சிவப்பு நான்கும் எனக்கு அம்மனின் பிள்ளைகளாகவே தெரிந்தன.

அன்று மத்தியானம் அவள் தலை குளித்துக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சிவப்புப் பொட்டு டப்பா ஒன்றைத் திறந்தேன். தலையில்லாத துண்டு ஓரமாகச் சுருண்டு கிடந்தது. வெட்டின இடம் வெளேரென்று இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனையில் கை வெட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வோம்? மஞ்சள் வைப்போம். என் முன்னால் கோயில் தீர்த்தம் செம்பு நிறைய இருந்தது. மஞ்சள், வேப்பிலை, துளசி, பச்சைக் கற்பூரம் எல்லாம் போட்டு அம்மன் காலடியில் வைத்த தீர்த்தம். ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதில் ஒரு வாய் கொடுப்போம்.

தீர்த்தக் கரண்டியால் சிவப்புப் பொட்டு நான்குக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். பொட்டு இல்லாதவற்றுக்கும் கறுப்புப் பொட்டுக்கும் ஊற்றவில்லை. ஏன் என்று இப்போது எழுதிவிடுகிறேன். இரக்கம் பாதிதான். மீதிப் பாதி, குளம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. அம்மனுக்கு நான் பரீட்சையில் பிட்டுக் கொடுத்தேன். இரக்கம் மட்டும் என்றால் பன்னிரண்டுக்கும் ஊற்றியிருப்பேனே.

ஊற்றினதும் ஒரு துண்டு துள்ளியது. சந்தோசத்தில் துள்ளுகிறது என்று நினைத்தேன். ஐயோ, தாயே.

மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும். குளத்துத் தண்ணீர் ஏற்கெனவே லைட் டீ மாதிரி இருக்கும், அதில் மஞ்சள் தெரியவில்லை. சாமி ரூமில் எப்போதும் கற்பூர வாடைதான், அதனால் வாசனையும் தனியாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் மருமகள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அத்தை" என்று கூப்பிட்டாள். சிவப்புப் பொட்டு டப்பாக்களில் துண்டுகள் ஊறின அவல் மாதிரி கரைந்து கிடந்தன. நான்கில் மூன்று காலி. நான்காவது மறுநாள் போயிற்று.

"இந்த டப்பாவ யாராச்சும் தொட்டாங்களா அத்தை?"

"சாமி ரூமுக்குள்ள யாரு வருவா?" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம். அந்த நேரத்தில்கூட என் தீர்த்தத்தால் இப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று கரண்டி ஊற்றியும் பிழைக்கவில்லை என்றால், குளம் அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா என்றுதான் பயந்தேன்.

மற்ற எட்டு டப்பாக்களில் ஏழாம் எட்டாம் நாளில் வெள்ளைக் குருத்து எழும்பி, அதில் இரண்டு கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. ஊர் முழுக்கக் கோயில் வாசலில் கூடி உட்கார்ந்திருந்தது. எனக்குக் காப்புக் கட்டி முடித்ததும் தர்மகர்த்தா மருமகளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று, "கொளத்துத் தண்ணியில ஒண்ணுகூட பொழைக்கலங்க. அந்தத் தண்ணியக் குடிக்கவோ கூழ் காச்சவோ வேணாம்னுதான் நான் சொல்லுவேன்" என்றாள்.

 என் ஓரகத்தி, அதாவது என் மூத்தாரின் மனைவி, எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏம்மா, வந்து முழுசா ஒரு வருசம் ஆவல. அம்மன் கொளத்தையே கெட்டதுன்னுட்டியா? நாங்கல்லாம் இந்தத் தண்ணியக் குடிச்சித்தானே இப்புடி நிக்கிறோம்?"

"அதான பாத்தேன்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை.

"புழுவ வளத்தவ பேச்சக் கேட்டுப் புள்ள வளத்தவ எல்லாம் பைப்படிக்குப் போவணுமா? ஒங்கம்மா வூட்டுல சாமி கும்புடுற பழக்கம் உண்டா, இல்லயா?"

 மருமகளுக்கு முகம் சிவந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "நான் பாத்தத சொன்னேன் அத்தை. இல்லாதத சொல்லலயே" என்றாள். அவ்வளவுதான். முதல் குடம் போன ஆத்திரத்தில் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் விடிந்ததும் விளக்கேற்றப் போனேன். தீர்த்தச் செம்புக்கு அடியில் எறும்பு வரிசை ஒன்று எப்போதும் போகும். செம்பிலிருந்து இரண்டு சொட்டு சிந்தியிருந்தது. எறும்பெல்லாம் அந்தச் சொட்டைத் தொடாமல் பெரிய வட்டம் போட்டுச் சுற்றிப்போயின. கற்பூரம் பட்ட இடத்தில் எறும்பு வராது என்பது எனக்குத் தெரியாததா? துணிப்பெட்டியில் பூச்சிக்காக நானே கற்பூரம் போட்டு வைக்கிறவள். கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

"ஏம்மா! கண்ணு!" என்று கத்தினேன்.

"அது அப்பவே கெளம்பிருச்சு. ரிப்போர்ட்ட மேடம்கிட்ட குடுக்கணும்னு முத பஸ்ஸுக்குப் போவுது" என்றார் வீட்டுக்காரர்.

ஓடினேன். செருப்பில்லை, தலை வாரவில்லை, கையில் காப்பு. பஸ் கிளம்பிவிட்டது. பின்வாசலில் தொங்கி ஏறியே விட்டேன்.

ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. எல்லைக் கல் அரை மைல்தான்.

மருமகள் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளூர் ஆள் வேறு யாரும் இல்லை. "அத்தை? என்னாச்சு? மாமாவுக்கு ஒண்ணுமில்லயே?"

"மாமாவுக்கு என்ன, தூங்குறாரு. நான்தான். எல்லாம் நான்தான் பண்ணேன்."

"டிக்கெட்டு" என்றார் கண்டக்டர்.

"எனக்கு வேணாம். எல்லைக் கல்லுல எறங்கிருவேன்."

"லேடீசுக்குக் காசு இல்லம்மா, ஆனா டிக்கெட்டு வாங்கணும்."

"குடுங்கய்யா குடுங்க!" என்று வாங்கிக்கொண்டு இவள் பக்கம் திரும்பினேன். பஸ்ஸில் பாட்டு அலறியது. காதோடு சொல்ல வேண்டியதைத் தொண்டை கிழியக் கத்தினேன். "சிவப்புப் பொட்டுல தீர்த்தம் ஊத்துனேன்! மஞ்சளும் கற்பூரமும் போட்ட தீர்த்தம்! மூணு நாளு! கொளம் ஜெயிக்கணும்னு ஊத்துனேன்! கொளம் கொல்லல, நான்தான் கொன்னேன்!"

டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "யாரம்மா கொன்னீங்க?"

"புழுவ!"

"அடச்சே" என்று பெருமூச்சு விட்டவர், "ஒரு புழுவுக்கா இந்த அழுகை?" என்றார்.

நான் மருமகள் முகத்தையே பார்த்தேன். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நின்றேன். அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள், பேனாவை எடுத்தாள்.

"ஒரு டப்பாவுக்கு எத்தன கரண்டி?"

"ஒண்ணு."

"ஒரு நாளைக்கு ஒரு தடவயா?"

"ஒரு தடவதான். எல்லைக் கல்லு வந்துருச்சு!"

"விசில் அடிங்க சார்" என்றாள் அவள். டிரைவர் பிரேக் போட்டார். முன்சக்கரம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. நான் பின்வாசல் வழியாக இந்தப் பக்கம் குதித்தேன். அம்மன் அந்த மட்டுக்கும் என்னைக் காப்பாற்றினாள். மருமகளும் கூடவே இறங்கினாள்.

பஸ் போன புழுதியில் இருவரும் நின்றோம். அவள் உதடு கோணியது. அழுகை என்று நான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"நேத்து ஊரு முன்னாடி எந்திரிச்சு தப்பா சொல்லிட்டேனே அத்தை. இப்ப என்ன பண்றது?"

"நான் போயி உண்மையச் சொல்லிடறேன்" என்றேன். ஆனால் ஊர்ப் பக்கம் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மொதல்ல மறுபடியும் வெட்டுவோம். திருவிழாவுக்கு ஒம்போது நாள் இருக்கு. மீதிப் புழுவுக்கு நல்லவேளை இன்னும் சாப்பாடு போடல. வெரதத்துலதான் இருக்கு."

நேரே தர்மகர்த்தா வீட்டுக்குப் போனோம். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "டப்பா விசயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. என் பொறுப்புல நடந்த தப்பு. மறுபடியும் பாத்து அடுத்த வியாழக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க."

நான் அவள் துப்பட்டாவை இழுத்தேன். அவள் திரும்பவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை. நான்கு வருசமாக என்னை அறுக்கிற இடமும் அதுதான்.

அன்றைக்கே மறுபடி வெட்டு, மறுபடி பன்னிரண்டு டப்பா, மறுபடி பொட்டு. பதின்மூன்றாவதாக ஒன்று வைத்தாள். கேன் தண்ணீரில் ஒரு கரண்டி தீர்த்தம். "உண்மையிலயே அதனாலதானான்னு பாக்கணும்ல" என்றாள். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒன்றே ஒன்று என்று சம்மதம் வாங்கினாள். அதற்கு எந்தப் பொட்டும் இல்லாமல் மூடியில் மஞ்சளைத் தடவி அடையாளம் வைத்தாள். அது இரண்டே நாளில் கரைந்தது. நான் செம்பைப் பார்த்து அழுதேன்.

"அழுவாதீங்க அத்தை. தீர்த்தத்து மேல குத்தம் இல்ல. அது மனுசனுக்கு. இதுக்குத் தோலு அம்புட்டு மெல்லிசு. ஆளுக்கு ஒரு மருந்துன்னு அம்மனே வச்சிருக்கா."

இந்தத் தடவை சாமி ரூமுக்கு நான்தான் காவல். காலையும் சாயந்திரமும் டார்ச் அடித்து, பார்த்ததை என் கோணல் எழுத்தில் அவள் நோட்டில் எழுத வேண்டும். எழுதின பிறகு அவள் வந்து பார்த்துச் சரி என்பாள். "குருத்து இல்லை." "குருத்து இல்லை." "கேனில் வெள்ளையாக லேசாக." "கறுப்புப் பொட்டில் வெள்ளை. சிவப்பில் இல்லை." இப்படி எழுதினேன். சிவப்பில் என்ன இருந்தாலும் இருந்தபடி எழுத வேண்டும் என்று அம்மனிடம் சத்தியம் செய்திருந்தேன். கை சிவப்புப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு வேறு எதையாவது எழுதச் சொல்லும். எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை. கேனில் எல்லாவற்றுக்கும் கண் வந்துவிட்டது. கறுப்புப் பொட்டிலும் வந்துவிட்டது. சிவப்புப் பொட்டில் நான்கும் உயிரோடு இருந்தன. வெள்ளைக் குருத்து வந்திருந்தது, ஆனால் சின்னது. கண் இல்லை.

மருமகள் போய்த் தர்மகர்த்தாவிடம் சொன்னாள்: "கொளம் கொல்லல. ஆனா தாமசப்படுத்துது. எதாலன்னு புழு சொல்லாது, ஏதோ இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். சோப்பா, ஷாம்பா, வண்டி கழுவுற எண்ணெயா, நாம கொட்டுற குங்குமமான்னு தனித்தனியாப் பாக்கணும்."

அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில், அபிசேகத்துக்குக் குளத்துத் தண்ணீர், கூழுக்குப் பைப்புத் தண்ணீர் என்று தீர்ப்பானது. அபிசேகம் ஆன மஞ்சள் தண்ணீர் வழக்கம்போலக் குளத்துக்குத் திரும்பி ஓடாமல் தென்னைக்குப் போகும்படி ஒரு வாய்க்காலும் வெட்டச் சொன்னார். வாய்க்கால் வேண்டும் என்று அவரிடம் கேட்டது நான்தான். ஏன் என்று அவர் கேட்டார். "காரணம் இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முதல் குடத்தை மருமகள் எடுத்தாள். நான் பின்னால் வேப்பிலையோடு நடந்தேன். சனிக்கிழமை காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு டப்பாவில் ஒரு புழு என்னை மாறுகண்ணால் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்தார்.

அதற்குப் பிறகு மருமகள் படிப்பை முடித்து, பெரம்பலூரிலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் குழாயடியில் என் ஓரகத்தி அவளைப் பார்த்து, "என்னம்மா புழு டாக்டரு, இந்த வருசமாச்சும் மொத தடவயிலயே சரியாப் பாத்தியா?" என்பாள். அவளும் சிரித்துக்கொண்டே, "பாத்துட்டேன் பெரியத்தை" என்று குடத்தை எடுத்துக்கொண்டு வருவாள். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோதுகூட, "வேணாம் அத்தை, ஒங்க பேரு கெட்டுரும்" என்றாள். "பேரே போடல" என்றேன்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை தப்பாகப் பார்த்தது அவள் இல்லை. தப்பாக ஊற்றினது நான்.

படிக்கிற மற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை ஏற்கெனவே ஊரில் பல விதமாக நடமாடுகிறது. கூழ் குடித்த புழுவுக்குத் தலை முளைத்தது என்று ஒருத்தர் சொல்கிறார், இரண்டு தலை என்று ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்களாம். நீங்கள் யாருக்காவது சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டுக் கரண்டிக் கணக்கைக் குறைக்க வேண்டாம். அம்மன்மேல் இருக்கிற பக்தியில் எதையும் கூட்ட வேண்டாம். வந்தது ஒரே தலை, இரண்டு கண், அதுவும் பத்தாம் நாள்தான்.